தம்மைத் தாமே ஆண்ட மாணவர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. கோமுகி ஆறு தோன்றும் அம்மலையில் சிற்றூர்கள் ஒன்றற்கொன்று தொலைவில் அமைந்துள்ளன. ஆதலின் அங்குள்ள சிறார் பலர் அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிக் கற்கின்றனர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் ஒரே கூரையின்கீழ் வாழும் இத்தகைய இடங்களில், ஒழுங்கை நிலைநாட்டுவது யாது? ஆசிரியரின் பிரம்பா? அன்றிப் பிள்ளைகளின் பொறுப்புணர்வா? இவ்வினாவிற்குத் தம் நாற்பதாண்டு உழைப்பால் விடை தந்தவர் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் ஆவார்.

அவர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில், செல்வம் மிக்க குடும்பத்தில் பிறந்தார். இளமையில் பணியாளரின் கண்காணிப்பில் வளர்ந்தார். பள்ளி அவருக்குச் சிறையாகவே தோன்றிற்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பள்ளிகளில் சேர்ந்தும் எதிலும் நிலைக்கவில்லை. அன்று பட்ட துன்பமே, பின்னாளில் புதியதொரு பள்ளியைக் காண அவரைத் தூண்டிற்று.

வங்கத்தில் போல்பூருக்கு அருகே, தந்தையார் தேவேந்திரநாதர் அமைத்திருந்த சாந்திநிகேதனத்தில், 1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அப்பள்ளி தொடங்கிற்று. முதலில் சேர்ந்த மாணவர் ஐவரே. பொருள் முட்டுப்பாடு வாட்டியது. மனைவியார் மிருணாளினி தேவி தம் நகைகளை மனமுவந்து ஈந்தார். பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது. மறு ஆண்டே அவ்வம்மையார் மறைந்தார். 1903இல் மகள் இரேணுகாவும், 1907இல் இளைய மகன் சமீந்திரரும் இறந்தனர். துயர்மேல் துயர் வந்தும் கவிஞர் பள்ளியைக் கைவிடவில்லை.

வீட்டில் அடங்காத பிள்ளைகளையும் பெற்றோர் சிலர் அங்கு அனுப்பினர். அவர்களையும் அடிக்கலாகாது என்பது தாகூரின் உறுதி. மாணவர் வைகறையில் துயிலெழுந்தனர். தத்தம் பாயை விரித்து மரநிழலில் அமர்ந்து பாடம் கேட்டனர். தமக்குரிய தலைவரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். சிறு குற்றங்களை மாணவர் மன்றமே விசாரித்துத் தீர்ப்பளித்தது. தீர்ப்பளிப்பவன் தன் தோழனாதலின், தவறியவன் அஞ்சி ஒளியாது, நாணித் திருந்த வழி பிறந்தது. இன்று தீர்ப்புக் கேட்பவன் நாளைத் தீர்ப்புக் கூறவும் நேரலாம் அன்றோ?

1915ஆம் ஆண்டில் இவ்வாட்சிக்கு ஒரு சோதனை வந்தது. சாந்திநிகேதனத்திற்கு வந்த காந்தியடிகள், சமையலையும் துப்புரவையும் கூலியாட்களிடம் விடாமல் மாணவரும் ஆசிரியரும் தாமே செய்தல் வேண்டும் என்றார். ஆசிரியர் உடன்பட்டால் தமக்கும் உடன்பாடே எனக் கவிஞர் கூறினார். மார்ச்சு 10ஆம் நாள் பணி தொடங்கியது. ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து சிறுவர் காய் நறுக்கினர்; பாத்திரம் துலக்கினர்; கழிவிடத்தையும் தூய்மை செய்தனர். பியர்சன் என்னும் ஆங்கில ஆசிரியர் தம் உடலை வருத்தி உடனுழைத்தார். சிலர் களித்தனர், சிலர் களைத்தனர். அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும், தன்னாட்சி என்பது உரிமை மட்டுமன்று, உழைப்புமாகும் என்பதை அது உணர்த்திற்று. அந்நாள் அங்கு ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது.

1913இல் நோபல் பரிசு பெற்றுப் பெரும்புகழ் எய்திய பின்னரும், தாகூரின் நெஞ்சம் அப்பள்ளியிலேயே தங்கியிருந்தது. 1921இல் அங்கு விசுவபாரதி மலர்ந்தது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டு, போலந்து நாட்டு வார்சாவில், நாஜிகள் யூதரை அடைத்திருந்த பகுதியில், அநாதைச் சிறுவர் தாகூரின் நாடகம் ஒன்றை நடித்தனர். அவ்வில்லத்தை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கும் சிறுவர் மன்றம் அமைத்தவரே. சில நாள்களில் அச்சிறுவர் கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அவரும் அவர்களைப் பிரியாது உடன் சென்று உயிர் நீத்தார். பிள்ளைகளிடம் ஆட்சியை ஒப்படைத்தல் அவர்களைக் கைவிடுதல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காவலன் நீங்கியதும் குலையும் ஒழுங்கு ஒழுங்கன்று. தன்னைத் தான் ஆளக் கற்ற சிறுவனே நாளை நாட்டை ஆளும் தகுதியுடையவன். கல்வராயன் மலைப் பள்ளியாயினும் கடற்கரைப் பள்ளியாயினும், இவ்வுண்மை எங்கும் ஒன்றே.