கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்: சிறைக்குப் போய்த் திரும்பி வந்த சிரிப்பு

உங்க ஃபோனில் எப்போதாவது ஒரு கறுப்பு வெள்ளை காட்சி வந்து போயிருக்கும். மிட்டாய்த் தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட் வேகமாக ஓடும். சமாளிக்க முடியாத ஒரு பெண் சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்வார். அவர் லூசில் பால். நிகழ்ச்சியின் பெயர் ஐ லவ் லூசி. 1951 அக்டோபரில் தொடங்கி 1957 மே வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடியது. ஃப்ரெண்ட்ஸ் வரை நீங்க விரும்பிப் பார்க்கிற பல சிட்காம்களுக்கு அதுதான் தாய்வீடு.

அந்தக் காட்சியை என் பாட்டியிடம் காட்டினேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். ஆங்கிலம் தெரியாது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இவள் நம்ம மதுரம் மாதிரியே இருக்கிறாளே, கிருஷ்ணன் எங்கே என்று கேட்டார்.

நான் முழித்தேன். கலைவாணர் என்றால் சென்னையில் ஓர் அரங்கத்தின் பெயர் என்ற அளவில்தான் எனக்கு அப்போது தெரியும். உங்களில் பலரும் அப்படித்தான் என்றால் வெட்கப்பட வேண்டாம், தொடர்ந்து படியுங்க.

யார் இந்தக் கிருஷ்ணன்?

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், வில்லுப்பாட்டு கற்று, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார்.

அவருடைய முதல் படங்களில் ஒன்று 1936இல் வந்த சதி லீலாவதி. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், ஓஹாயோ மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாதவர்! கதை இன்னும் சுவாரஸ்யம். குடியால் கெட்டுப்போன கதாநாயகன், தான் கொலை செய்துவிட்டதாக நினைத்து இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். பேராக்கில் லயத்து வீட்டில் வளர்ந்த யாருக்கும் இது ஊர்க்கதை மாதிரிதான் இருக்கும்.

அதே காலத்தில் வசந்தசேனா படத்துக்காகப் பூனா போனபோதுதான் நடிகை டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். காதல், கல்யாணம் எல்லாம் அங்கேயே முடிந்தது. ஊரில் தனக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதை அவர் மறைத்துவிட்டார், மதுரத்துக்கு அது பிறகுதான் தெரிந்தது என்று சொல்வார்கள். இதை நான் சிரிப்போடு எழுத முடியாது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் திரையில் அந்த ஜோடி செய்தது புதுசு. கணவன் மனைவி சண்டை, அடுப்படி, கடன், மாமியார், குடி என்று வீட்டுக்குள் நடப்பதையே நகைச்சுவை ஆக்கினார்கள். கிருஷ்ணன் தனக்கென எழுத்தாளர்களை வைத்துக்கொண்டு தன் பகுதியைத் தானே எழுதி, தானே படமாக்கித் தருவார். பெரிய படத்துக்குள் ஒரு குட்டிப் படம் ஓடும். இருபது நிமிட சிட்காம் எபிசோடை வெட்டி வெட்டி ஒரு புராணப் படத்துக்குள் செருகியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவில் நிஜத் தம்பதியான லூசியும் டெசி அர்னாஸும் டிவிக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

கொலை வழக்கு

1944இல் எல்லாம் உடைந்தது. நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த இந்து நேசன் பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன், நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். சதி செய்ததாகக் கைதானவர்களில் இரண்டு பேர் அன்றைய உச்ச நட்சத்திரங்கள். ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர், மற்றவர் கிருஷ்ணன். 1945இல் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது.

அப்போது குடும்பத்தையும் வழக்கையும் நாடகக் கம்பெனியையும் சேர்த்துத் தாங்கியவர் மதுரம். திரையில் எப்போதும் ஏமாறுகிற, திட்டு வாங்குகிற பெண்ணாக வந்தவர் இவர்தான்! வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரிக்கச் சொல்லி அது திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை ஆனார்கள். மதுரம் நடத்திய நாடகக் குழுவின் பைத்தியக்காரன் நாடகம் அந்நேரம் படமாகிக்கொண்டிருந்தது. அதிலேயே கிருஷ்ணனுக்கு ஒரு வேடம் சேர்த்தார்கள்.

லூசியின் கதையும் இந்த இடத்தில் ஒத்துப்போகிறது. 1960இல் விவாகரத்து, 1962இல் கணவரின் பங்குகளை வாங்கி டெசிலூ ஸ்டூடியோவின் தலைமைக்கு வந்தார். ஸ்டார் ட்ரெக் தொடரைத் தயாரித்த கம்பெனி அதுதான். அசட்டுப் பெண்ணாக நடித்த இரண்டு பேரும் நிஜத்தில் முதலாளிகள்.

சிறையிலிருந்து வந்த பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ணனால் முடிந்தது. ஏன்? என் ஊகம் இதுதான்: பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன் போட்ட கதாநாயகனைக் கைதி உடையில் நினைத்துவிட்டால் மயக்கம் கலைந்துவிடும். கோமாளி ஏற்கெனவே நம்மில் ஒருவன், அவனுக்கு இழக்க அந்த மயக்கம் கிடையாது.

கிந்தன் ஏறிய ரயில்

1949இல் வந்த நல்லதம்பிதான் நீங்க முதலில் பார்க்க வேண்டிய படம். ஹாலிவுட்டில் 1936இல் வந்த மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் படத்தின் சாயல் கொண்டது. வசனம் சி.என்.அண்ணாதுரை, சினிமாவுக்கு அவர் எழுதிய முதல் கதை.

அதில் கிந்தனார் என்று ஒரு காலட்சேபம் வரும். நந்தனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் சிதம்பரம் போய்ச் சாமியைப் பார்க்க ஏங்குவார். கிருஷ்ணனின் கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஏக்கம். பட்டணத்துக்கு ரயில் ஏறிப் படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். ரயில் சத்தத்தைக்கூட வாயாலேயே போட்டு, பாகவதர் பாணியைக் கிண்டலடித்து, கடைசியில் நம் தொண்டையை அடைக்க வைத்துவிடுவார்.

சம்பளம் கொடுக்கும் தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்த காலத்தில், பிள்ளையை ஆறாம் வகுப்போடு மரம் சீவ அனுப்பிய காலத்தில், குடிக்காதே, படி என்று சொல்லும் ஒருவரை மக்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள் என்றால் சும்மாவா? தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தால் எழுத்து இடவலம் மாறித் தெரியும், ஆனால் கிருஷ்ணனுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்பது பாட்டியின் கணக்கு.

பெண்களைப் பற்றிய அவருடைய சில ஜோக்குகள் இன்று உறுத்தும். எனக்கு உறுத்தியது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு மணமகள் (1951), பணம் (1952) படங்களை இயக்கினார். சம்பாதித்ததை வாரிக் கொடுத்துக் கடைசியில் கடனோடு நின்றார். 1957 ஆகஸ்ட் 30, சென்னையில் காலமானார். வயது 48. சென்னை தியாகராய நகரில் உள்ள அவருடைய சிலையை 1969 ஜனவரியில் திறந்துவைத்தவர் அண்ணா. முதலமைச்சராக இருந்த அவர் கலந்துகொண்ட கடைசி பொது நிகழ்ச்சி அது.

இறந்த தேதியை இன்னொரு முறை பாருங்க. அன்றைய நள்ளிரவில்தான் கோலாலம்பூரில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. லயத்தில் கொடி கட்டியதும், கிருஷ்ணன் போய்விட்டார் என்று யாரோ வந்து சொன்னதும் பாட்டிக்கு ஒரே நினைவாகத்தான் இருக்கிறது. எது முதலில் என்று கேட்டால் குழம்பிவிடுகிறார்.

கிந்தனார் காட்சியை அவருக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். ரயில் கிளம்புவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.