சென்னை நகர் கண்ட பிரான்சிஸ் டே

ஊர்கள் இருவகையாக உண்டாகும். ஆற்றங்கரையிலோ கோயிலைச் சுற்றியோ மக்கள் சிறுகச் சிறுகக் குடியேறித் தாமே வளர்ந்த ஊர்கள் ஒருவகை. ஒருவர் இன்ன இடத்தில் இன்ன தொழிலுக்காக ஓர் ஊர் வேண்டுமென்று கருதி, வீடு எழும்புமுன் விதியை எழுதிவைத்து உண்டாக்கிய ஊர்கள் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகைக்கு நம் நாட்டில் சென்னையினும் சிறந்த சான்று காண்டல் அரிது. அந்நகருக்கு வித்திட்ட பிரான்சிஸ் டே என்பாரின் வரலாறு தறியை நம்பி வாழும் நம்மனோர் அறியத்தக்கது. ஏனெனில், அந்நகரம் பிறந்ததே துணியின் பொருட்டு.

டே என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியர். பெருங்குடிப் பிறந்தாருமல்லர், படைத்தலைவருமல்லர். பழவேற்காட்டிற்கு வடக்கே கடற்கரையிலுள்ள துர்க்கராஜப்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1626-ஆம் ஆண்டில் ஒரு பண்டகசாலை அமைத்தனர். அவர்கள் அதனை ஆர்மகான் என்று வழங்கினர். தங்களுக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பாரின் பெயரே அவ்வாறு திரிந்தது என்று கூறுவதுண்டு. அப்பண்டகசாலையின் தலைமையை டே ஏற்றிருந்தார். ஆயினும் அவ்விடத்தில் நல்ல துணி போதிய அளவு கிடைக்கவில்லை. தெற்கே பழவேற்காட்டில் 1613 முதல் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரரின் போட்டியோ கடுமையாயிருந்தது. ஆகவே வேறிடம் தேடும் பணி டேயின்பால் வந்தது.

அவர் தென்கரையை ஆராய்ந்து, போர்த்துகீசியரின் சாந்தோமுக்கு வடக்கேயுள்ள மதராசபட்டினம் என்னும் மணல்வெளியைத் தெரிந்தெடுத்தார். அங்கே இயற்கைத் துறைமுகமில்லை, அலையோ பெரிது. கப்பல்கள் கடலில் எட்ட நிற்க, சரக்கைப் படகேற்றிக் கரை சேர்க்கவேண்டும். இத்துணைக் குறையிருந்தும் அவர் அவ்விடத்தை விரும்பியமைக்குக் காரணம் ஒன்றே. சுற்றுப்புறத்து ஊர்களில் நெய்யப்பெற்ற துணி ஏனையிடத்தினும் நூற்றுக்கு இருபது பங்கு மலிவாகக் கிடைக்கும் என்று அவர் கணக்கிட்டார். அந்த மலிவுக்கு அடிப்படை நெய்வார் கைத்திறம் என்பதனை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் அந்நிலப்பகுதி விஜயநகர மரபினரான வேங்கட மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது; அவர்கீழ் வந்தவாசியிலிருந்து அதிகாரம் செலுத்தியவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். பூவிருந்தவல்லியிலிருந்த அவர் தம்பி ஐயப்ப நாயக்கரும் இதில் துணைநின்றார். 1639-ஆம் ஆண்டில் நாயக்கர் டேக்கு ஓர் உரிமைச்சாசனம் வழங்கினார். ஆகஸ்டு 22-ஆம் நாளை அதன் நாளாகக் கொண்டே இன்று சென்னை தினம் கொண்டாடப்படுகின்றது. நாயக்கரின் தந்தையாரான சென்னப்பரின் பெயரே பின்னர்ச் சென்னப்பட்டினம் என நின்றது.

அச்சாசனத்தை உற்றுநோக்கின், அது நிலம் விற்ற பத்திரமன்று, ஒரு புதிய ஊருக்கு வகுத்த சட்டமென்பது புலனாகும். கோட்டை கட்டிக்கொள்ளலாம். ஊரின் ஆட்சியை இரண்டாண்டுக் காலம் ஆங்கிலேயர் முழுதும் நடத்தலாம். அதன்பின் துறைமுகச் சுங்க வருவாயில் பாதி அவர்களைச் சாரும். அவர்தம் சரக்குக்குத் துறைமுகச் சுங்கமில்லை. நாயக்கர் நாட்டின் வழியே செல்லுங்கால் பிறர் செலுத்துவதில் பாதியே தீர்வை. நாணயம் அச்சிடும் உரிமையும் உண்டு. இவற்றொடு மற்றொரு விதியுங் காண்க: வணிகர்க்கும் நெசவாளர்க்கும் துணியில் வண்ணமெழுதுவோர்க்கும் நாயக்கரின் அறிவோடு முன்பணம் கொடுத்து, அவர்கள் கடனைத் தீராது போனால், நாயக்கரே அதற்குப் பொறுப்பேற்கவேண்டும், அன்றேல் அன்னாரைத் தம் எல்லையிற் பிடித்து ஒப்புவிக்கவேண்டும்.

1640 பிப்ரவரி 20-ஆம் நாள், மசூலிப்பட்டினத்துத் தலைவரான ஆண்ட்ரூ கோகன் என்பாரும் டேயும், துபாஷி பேரி திம்மப்பரும், ஏறத்தாழ இருபத்தைந்து போர்வீரரும் அம்மணற்கரையில் இறங்கினர். கோட்டைச் செலவை நாயக்கர் ஏற்பார் என்ற எண்ணம் பொய்யாயிற்று. கட்டிமுடியுங்காறும் செலவழியும் பணத்துக்கு வட்டியைத் தாமே தருவதாக டே ஏற்றிருந்தார். அச்சுமை ஒரு தனி ஊழியர் தாங்கத்தக்கதன்று. எனினும் வேலை நின்றிலது. புனித ஜார்ஜின் திருநாளாகிய ஏப்ரல் 23-இல் முதற்பகுதி முற்றியமையால் அப்பெயர் கோட்டைக்கு வந்தது என்பது மரபு.

குடியேறுவோர்க்கு முப்பது ஆண்டு தீர்வையில்லை என்று அறிவித்தனர் என வரலாற்று நூல்கள் கூறும். ஓராண்டு முடிவதற்குள் முந்நூறு நானூறு நெசவாளர் குடும்பங்கள் அங்கு வந்து சேர்ந்தன. மணல் மேட்டை நகரமாக்கியது மதில் அன்று, தறியேயாம்.

இத்துணை செய்த டேக்குக் கும்பினியார் பாராட்டு அளித்திலர். வீண் செலவு செய்தார் எனச் சினந்து, 1641-இல் இலண்டன் சென்ற அவரை விளக்கம் கேட்டனர். அவ்வாண்டிலேயே கீழைக்கரை வாணிகத்தின் தலைமையிடம் மசூலிப்பட்டினத்திலிருந்து இப்புதுக் கோட்டைக்கு மாறியமை அவர் மதிநுட்பத்துக்குச் சான்றாயிற்று. அவர் மீண்டும் வந்து, கோகனுக்குப் பின் 1643 முதல் 1644 வரை ஏஜெண்டு பதவி வகித்துத் தாய்நாடு திரும்பினார். 1645-இல் விஜயநகர மன்னர் ஸ்ரீரங்கர் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்தார். ஊர் நிலைத்தது, ஊரைக் கண்டவர் வரலாற்றிலிருந்து மறைந்தார்.

விதியினால் உண்டான ஊரில் விதி மாறினால் யாது நிகழும் என்பதனையும் அந்நகரமே காட்டிற்று. 1686-இல் வீட்டுவரி விதித்தபோது மக்கள் கடைகளை அடைத்துக் கிளர்ந்தனர். வரியை மக்களே மனமொப்பித் தரவேண்டுமாயின் ஆட்சியிலும் அவர்க்குச் சிறிது இடம் வேண்டும் என்று கும்பினித் தலைவர் ஜோசையா சைல்டு கருதினார். அதன் பயனாக 1688 செப்டம்பர் 29-இல் மேயரோடு கூடிய நகரசபை தோன்றிற்று. அதில் இந்நாட்டு வணிகரும் சிலர் அமர்ந்தனர். பின்னர், நெசவாளர்க்கென்றே கவர்னர் காலெட்டின் பெயரால் காலாடிப்பேட்டையும், 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையும் எழுந்தன.

டேயின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. எவருங் கருதாத மணலில் ஊரைக் கண்டு, தம் பொருளையும் பதவியையும் இடர்க்குட்படுத்திய துணிவு போற்றத்தக்கது. ஆயினும் அவர் பெற்ற சாசனத்தில் நெசவாளர் பெயர் வந்த இடம் யாது? கடன்காரர் நிரலில் அன்றோ! உடன்படிக்கை செய்தோர் நாயக்கரும் கும்பினியாரும்; யாருடைய தறியால் ஊர் வாழவேண்டுமோ, அவர் அதில் ஒரு கட்சியாக இல்லை.

தறியொலியால் வாழும் பொதட்டூர்ப்பேட்டையார்க்கு இது பழங்கதையன்று. 1960-இல் மாநில எல்லை மாறியபோது, சித்தூர் மாவட்டத்தினின்றும் நீங்கித் தமிழ்நாட்டிற் சேர்ந்த பகுதி நம்முடையது. வீடும் தறியும் இருந்தவிடத்தே இருக்க, நம்மை ஆளும் விதிகள் மட்டும் மாறக்கூடும் என்பதை நாம் அறிவோம். இன்றும் தொழிற்பூங்கா, புதுநகர் என்று திட்டங்கள் பல எழுகின்றன. அவற்றில் நமக்கு வேலை கிடைக்குமா என்று கேட்பதோடு அமையாது, விதி எழுதும் மேடையில் நெய்வோர்க்கு ஓர் இருக்கை உண்டா என்றும் முதற்கண் கேட்டல் வேண்டும். அவ்வினாவை ஒருவர் கேட்டால் கோரிக்கையாய் நின்றுபோம்; சங்கமாகக் கூடிக் கேட்டால் அதற்கு விடை கூறியே தீர்வர்.