தங்கத் தாத்தா சோமசுந்தரப் புலவரும் பிள்ளைகளின் மனவெழுச்சிப் பிணைப்பும்



ஆடிப்பிறப்பன்று வீட்டில் கூழ் காய்ச்சும்போது உங்கள் நினைவுக்கு வரும் பாடல் எது? அதனைப் பாடியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். ஈழத்துச் சிறுவர்கள் அவரைத் ‘தங்கத் தாத்தா’ என்றே அறிவர். புலவர் ஒருவர் உறவுப் பெயரால் அழைக்கப்படுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடினால், பிள்ளை விருத்தியில் மனவெழுச்சிப் பிணைப்பின் பங்கும் உங்களுக்கு விளங்கும்.

வாழ்வும் பணியும்

புலவர் 1878 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நவாலியூரிற் பிறந்தார். வட்டுக்கோட்டையில் நீண்டகாலம் ஆசிரியராகப் பணியாற்றினார். இவர் சமயப் பிரபந்தங்கள் பல பாடியவர்.   1953 இல் அவர் மறைந்தார். அவரது சிறுவர் பாடல்கள் பின்னர் ‘சிறுவர் செந்தமிழ்’ என்னும் நூலாக வெளிவந்தன.

பாடல்களிற் காணும் பிணைப்பு

‘ஆடிப்பிறப்பு’ப் பாடலைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாளை பள்ளி விடுதலை என்ற மகிழ்ச்சி, உடன் களிக்கும் தோழர்கள், பயறும் பனங்கட்டியும் சேர்ந்த கூழ் ஆகியன அதில் வருகின்றன. பிள்ளைகள் ஓடிப் பொறுக்கிய பலாவிலையைக் கோலிக்கொண்டு நிற்க, அன்னை அகப்பையால் அள்ளி வார்க்கிறாள். விலையுயர்ந்த பரிசு எதுவும் அங்கில்லை. ஆயினும் தாய் தன் கையால் வார்த்த கூழ் பிள்ளையின் மனத்தில் ஆயுள் முழுவதும் நிலைக்கிறது. ‘கத்தரி வெருளி’ப் பாடலோ தோட்டத்து வெருளியைக் கண்டு பிள்ளைகளை நகைக்கச் செய்கிறது. பிள்ளையை அச்சுறுத்தாமல் அதன் மகிழ்ச்சியிற் பங்குகொண்டமையாலேயே புலவர் ‘தாத்தா’ ஆனார்.

உளவியல் கூறுவது

பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி, இரண்டாம் உலகப் போரின் பின் வீடிழந்த பிள்ளைகள் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆராய்ந்து, 1951 இல் அறிக்கை வெளியிட்டார். உணவும் உடையும் மட்டும் பிள்ளைக்குப் போதா. இடையறாத அன்பு காட்டும் ஒருவர் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. அத்தகையவர் அருகில் இருந்தாற் பிள்ளை துணிந்து உலகை ஆராயும். அஞ்சும்போது அவரிடம் ஓடிவரும். அன்பு கிடையாத பிள்ளையோ பிறரை நம்பத் தயங்கக்கூடும்.

உங்கள் சிந்தனைக்கு

போராலும் புலப்பெயர்வாலும் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த பிள்ளைகள் நம் குடாநாட்டிற் பலர். அம்மம்மா, அப்பப்பா, மாமி, ஆசிரியர் எவராயினும் நிலையான அன்பு காட்டினால் அப்பிணைப்பு உருவாகும். உங்கள் வீட்டிற் சிறு பிள்ளை இருந்தால், இன்று அதற்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. சோமசுந்தரப் புலவர் ‘தங்கத் தாத்தா’ எனப் போற்றப்படுவதற்கான காரணத்தை விளக்குக.
2. ‘ஆடிப்பிறப்பு’ப் பாடலில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பிணைப்பு வெளிப்படுமாற்றை எழுதுக.
3. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைக்கு உறவினரும் ஆசிரியரும் உதவக்கூடிய வழிகள் மூன்று தருக.