பெயர்ப்பலகையில் இருக்கும் டாக்டரம்மா



நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறி விழுப்புரம், கடலூர், சென்னை என்று போகும்போது ‘மாண்டிசோரி’ என்று எழுதிய நர்சரிப் பள்ளிப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். டை கட்டி, ஷூ போட்டுப் போகிற பள்ளிக்கூடத்துக்குத்தான் அந்தப் பேரு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பெண்ணின் பெயர். அவர் ஒரு டாக்டர். அவர் முதன்முதலில் பாடம் சொல்லிக் கொடுத்தது, எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு. நம்ம பள்ளிக்கு வாரம் ஒருமுறை வருகிற சிறப்பாசிரியர் டீச்சர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி. மகள் டீச்சர் வேலைக்குப் போனால் போதும் என்பது அவர் எண்ணம். மகளோ முதலில் இன்ஜினியர் ஆகணும் என்றார், அப்புறம் டாக்டர் ஆகணும் என்றார். ஆண் மாணவர்களோடு நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் தன்னந்தனியாகப் பிணவறையில் நின்று படித்தார். (நமக்கெல்லாம் லேபில் தவளையைப் பார்த்தாலே எப்படி இருக்கு!) 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை கிடைத்தது. அந்த வேலைக்காக மனநோய் விடுதிகளுக்குப் போனபோதுதான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் பெரிய நோயாளிகள் இருக்கிற இடத்திலேயே அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு சாமான் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் தூளைப் பொறுக்குவார்களாம். காவல் பார்த்த அம்மாவுக்கு அது அருவருப்பு. டாக்டரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொட்டுப் பிடிக்க அங்கே வேறு எதுவுமே இல்லை. கைக்கு ஏதாவது வேணும் என்றுதான் பொறுக்குகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

இதற்கு மருந்தைவிடப் படிப்புதான் வேணும் என்று முடிவு செய்தார். ஆனா யார் சொல்லிக் கொடுப்பது? ஊரில் ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இந்தப் பிள்ளைகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது. அதனால் 1900-ல் ரோமில் ஆசிரியர்களுக்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். இரண்டு இயக்குநர்களில் ஒருவர் மாண்டிசோரி. முதல் அணியில் சேர்ந்தவர்கள் 64 ஆசிரியர்கள். நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது, குறைபாடு எதனால் வருகிறது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எல்லாம் பாடம். கூடவே அங்கேயே பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு, பார்த்துப் பழகுவதற்கு. காலை 8 மணிக்கு வந்தால் இரவு 7 மணி வரைக்கும் அவரே பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். இராத்திரி குறிப்பு எழுதுவார். இட்டார், செகுவின் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அவருக்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர்கள். அவர்கள் புத்தகங்களைத் தன் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தார். நாம இம்போசிஷன் எழுதுகிறதும் அதுவும் ஒண்ணா!

ஒரு பெண் பிள்ளை. வயது 11. கையில் பலம் இருக்கு, ஆனா ஊசியில் தைக்க எத்தனை தடவை காட்டினாலும் வரவில்லை. மாண்டிசோரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். காகிதப் பட்டைகளை மேலும் கீழும் விட்டுப் பாய் முடைவது மாதிரி ஒரு வேலையைக் கொடுத்தார். அது நன்றாக வந்த பிறகு திரும்ப ஊசியைக் கொடுத்தால், அந்தப் பிள்ளை தைக்கிறது! கை முதலில் பழகிவிட்டது, அவ்வளவுதான். இதே மாதிரி எழுத்துக்கும் செய்தால் என்ன என்று யோசித்து, மரத்தில் எழுத்துகள் செய்யச் சொன்னார். உயிரெழுத்துக்குச் சிவப்பு, மெய்யெழுத்துக்கு நீலம். பென்சிலைக் கையில் கொடுப்பதற்கு முன்னாடி பிள்ளைகள் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்க்கணும்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் மற்றப் பள்ளி மாணவர்கள் எழுதும் பரீட்சையையே எழுதிப் பாஸ் ஆனார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மாண்டிசோரிக்கு மட்டும் வேற கவலை: நன்றாக இருக்கிற பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாகத்தான் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் பள்ளியில் என்னதான் நடக்கிறது? 1907-ல் ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைப் பகுதியில் சாதாரணப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் திறந்து அதே முறையைச் செய்து பார்த்தார். அங்கே மர எழுத்துக்கு வழியில்லை. உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டினார்கள். அது இன்னும் நல்லா வேலை செய்தது. பலகையில் நாம பார்க்கிற பேரு அங்கிருந்துதான் உலகம் பூரா போச்சு.

நம்ம சென்னைக்கும் அவர் வந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைத்து, மகன் மாரியோவோடு வந்தார். அப்போது வயது 69. சுமார் 300 ஆசிரியர்கள் வந்து பயிற்சியில் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மாரியோவை முகாமில் அடைத்தது. அம்மா சபை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த வருஷம் ஆகஸ்ட் 31, அவருக்கு 70-ஆவது பிறந்தநாள். பரிசாக வைஸ்ராய் மாரியோவை விடுதலை செய்தார். திருமணம் ஆகாமல் பிறந்தவர் என்பதால் அதுவரை உறவுக்காரப் பையன் என்றே வெளியில் சொல்லப்பட்டவரை, வைஸ்ராய் அனுப்பிய தந்தி மகன் என்றே சொன்னது. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

பிறகு கொடைக்கானலிலும் இருந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் 1,000 பேருக்கும் மேல். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

இப்போது நம்ம நாட்டில் பி.எட். முடித்த ஆசிரியர்கூட சிறப்பாசிரியர் ஆகணும் என்றால் சிறப்புக் கல்வியைத் தனியாகப் படிக்கணும். 1992-ல் வந்த சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யணும். பதிவைப் புதுப்பிக்கத் திரும்பத் திரும்பப் பயிற்சிக்குப் போகணும். டீச்சர் சனிக்கிழமையும் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார் என்று இப்போ புரியுது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வகுப்பு எடுக்கும்போது சன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். போன வாரம் இந்தக் கட்டுரைக்காக விஷயம் கேட்க உள்ளே போனேன். டீச்சர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். உப்புத்தாளில் வெட்டிய ‘அ’. கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார். சுழி தாண்டி வளைகிற இடத்தில் ரெண்டு தடவை என் விரல் வழி தப்பிப் போச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புத் தம்பி என் விரலைப் பிடித்து, சரியான இடத்தில் வைத்தான்.