பன்னிரண்டில் ஒன்று

கொங்கு நாட்டிலே, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனிலே, 1889-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். பண்ணையும் இருந்தது; ஆக்ஸ்போர்டு படிப்பும் இருந்தது. ஆயினும் சாதி வேலியைத் தாண்டி, மங்களூர் ராதாபாய் அம்மையாரை மணந்தார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய குட்முல் ரங்கராவின் மகள் அவர். ஜமீன் வீட்டிலே அன்று அது சிறிய காரியமா?

1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியானார். சுயேச்சை மந்திரிசபை, 1930 வரை நீடித்தது. சைமன் கமிஷன் தகராறில் 1928-ல் இரு மந்திரிகள் விலகினர். அவ்விடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் எஸ். முத்தையா முதலியார். 1921 முதல் ஏட்டளவில் கிடந்த வகுப்புவாரி உரிமை, அவர் முயற்சியால் செயலுக்கு வந்தது.

கணக்கு என்ன? சர்க்கார் உத்தியோகம் 12 என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று! போதுமா? போதாது. ஆனால் வாசலைக் கூட்டியவன் மகனுக்கும் உள்ளே ஒரு நாற்காலி உண்டென்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. அது சுப்பராயன் ஆட்சிக்குப் பெருமை.

குறையை மறைத்துப் புகழ் பாடுவது நம் வேலையல்ல. 1959-ல் மத்திய போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரியானார். தபால்-தந்தி இலாகா அவர் பொறுப்பு. 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவசரச் சட்டத்தால் தடுத்தது சர்க்கார். அவர் ஆளும் வரிசையில். எதிர்வரிசையில் அவர் மகள் பார்வதி கிருஷ்ணன், கோவையின் கம்யூனிஸ்ட் உறுப்பினர்! வேலைக்குச் சேர்ப்பது ஒரு நீதி. சேர்ந்தவன் குரலுக்குச் செவி கொடுப்பது இன்னொரு நீதி. முன்னதைச் செய்த மந்திரி, பின்னதை மறுத்த சர்க்காரிலும் இருந்தார்.

மகாராஷ்டிர கவர்னராக இருக்கையில் 1962 அக்டோபரில் மறைந்தார். கணக்கு மட்டும் தீரவில்லை.

இன்று கோவை வீதியைக் கூட்டுவதற்குச் சர்க்கார் ஆள் எடுப்பதைவிட, டெண்டர் விட்டு உழைப்பை விலைக்கு வாங்குவதே வழக்கமாகி வருகிறது. ஆள் எடுத்தால் இடஒதுக்கீடு உண்டு, விலைக்கு வாங்கினால்? குறைந்த தொகை கேட்டவருக்கு ஒப்பந்தம்! ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கியவரே தரவேண்டுமென்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் ஓய்வூதியம்? பதவி உயர்வு?

நாம் கேட்பது இதுதான்: டெண்டர் தாளில் விலைக்குப் பக்கத்திலே நியாயக் கூலி, கையுறை, காலணி, சங்கம் சேரும் உரிமை ஆகியவையும் நிபந்தனைகளாக ஏறட்டும். மலிவாக வாங்கினோம் என்று மார்தட்டும் சர்க்கார், அந்த மலிவை யார் வயிற்றிலிருந்து எடுத்ததென்று பார்க்கட்டும்.

நாற்காலியிலே பன்னிரண்டில் ஒன்று. துடைப்பத்திலே பன்னிரண்டில் பெரும்பாலோர் அவர்களே. இதுவா வகுப்புவாரி உரிமை?