நிழலில் உருக்கண்ட பேரறிஞர்

இராமேசுவரம் திருக்கோயிலின் வெளித் திருச்சுற்றில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தூண்கள் நிரல்பட நிற்கின்றன. ஓரிடத்தில் நின்று நோக்கின், முன்னிற்கும் தூண் பின்னிற்கும் தூணை மறைத்துவிடும். பல திசைகளினின்றும் நோக்கினால் ஒவ்வொரு தூணும் நிற்குமிடத்தை அறுதியிடலாம். உடலின் உள்ளுறுப்புகளையும் இவ்வாறே, கத்தி படாமல், பல திசை நிழல்களைக் கொண்டு வரைந்தறியக் கணக்கு நெறி வகுத்தோருள் ஒருவர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இவர், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். ஆங்கிருந்த சர் சி. வி. இராமன் இவர்தம் நுண்ணறிவைக் கண்டு, இயற்பியல் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் முனைவர் பட்டம் பெற்று மீண்டார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் அமைந்த கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்குண்டது என்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் கூடி 1954இல் உலகிற்கு உணர்த்தினார். கண்ணுக்குப் புலனாகாத அவ்வடிவத்தை எக்ஸ் கதிர்கள் பதித்த புள்ளிகளைக் கொண்டே உய்த்துணர்ந்தார்.

அவ்வாற்றலே மற்றொரு துறையிலும் பயன்பட்டது. எக்ஸ் கதிர்ப்படம் என்பது ஒரு நிழலே. எலும்பும் தசையும் கட்டியும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தோன்றும். பல திசைகளில் எடுத்த நிழல்களை அவ்வவ் வழியே திரும்பப் பரப்பினால் உருவம் கிடைக்கும். ஆயினும் அது மங்கலாகவே இருக்கும். அம்மங்கலை நீக்க ஃபூரியர் கணக்கு முறை பயன்பட்டது. அது நெடிய உழைப்பை வேண்டுவது. இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் எளிய வழியொன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு நிழலையும் பரப்புமுன், அதன் ஒவ்வொரு புள்ளியின் அளவையும் அண்டைப் புள்ளிகளின் அளவுகளோடு ஒரு விதிப்படி கூட்டியும் கழித்தும் திருத்திக்கொள்வதே அது. திருத்திய நிழல்களைப் பரப்பியவழி, உருவம் தெளிவுற விளங்கியது. கணக்கும் விரைவில் முடிந்தது.

இவ்வகைக் கணக்கு நெறி பல்லாண்டுகள் சி.டி. ஸ்கேன் கருவிகளுக்கு உயிர்நாடியாய் விளங்கியது. தலையில் அடிபட்டு நினைவிழந்த மீனவர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொணர்ந்தால், மண்டையைத் திறவாமலே குருதிக் கசிவை மருத்துவர் காண்கின்றார். காலந்தாழ்ப்பின் உயிர் போகும் அவ்வேளையில் கணக்கின் விரைவும் ஒரு மருந்தேயன்றோ?

அக்கருவியின் ஆக்கத்திற்காக 1979இல் கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் இருவர் நோபல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு அப்பரிசு வாய்க்கவில்லை. எனினும் 1977இல் இலண்டன் இராயல் கழகம் இவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அவர் வகுத்த திருத்த விதி இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் இணைத்து, ராம்-லக் என்றே இன்றும் பாடநூல்களில் வழங்குகின்றது.

முதுமையில் நோயுற்ற இப்பேரறிஞர், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார். மாணவர்களே! தாம் அறியாதார் பலர்க்கும் பயன்பட்டு நிற்பதே கல்வியின் பெரும்பயன் என்பதை இவர்தம் வாழ்வால் உணர்வீராக.