ஓசைக்குத் திசை தந்தவர்

இக்காலத்தில் கணிப்பொறியில் உள்ள ஒரு படத்தின் கோப்பிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, நம்மைச் சுற்றி வைத்த ஐந்து ஒலிபெருக்கிகளிலும், தாழ்ந்த ஓசைக்கென உள்ள ஆறாவதிலும் ஒலிக்கச் செய்ய முடிகிறது. மழை நம் தலைமேல் பெய்வது போலவும், புகைவண்டி நம்மைக் கடந்து ஓடுவது போலவும் தோன்றுகிறது. இந்த அற்புதத்திற்கு வித்திட்டவர் ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் ஆவார்.

இவர் 1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியில் பிறந்த சுரங்கப் பொறியாளர். தாய் தென்னாப்பிரிக்காவில் இறைப்பணி ஆற்றிய ஒருவரின் மகள். கணக்கில் கெட்டிக்காரராக விளங்கிய சிறுவன் ஆலனுக்குப் பன்னிரண்டு வயது வரை சரளமாக வாசிக்க வரவில்லையாம்! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. இருபது வயதிற்குள் பொறியியல் பட்டத்தை முதல் வகுப்பில் பெற்றார்.

1931இல் ஒருநாள், பின்னாளில் தம் மனைவியான டோரீன் அம்மையாருடன் இவர் திரைப்படம் பார்க்கச் சென்றார். நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். குரலோ நின்ற இடத்திலேயே நின்றது! எல்லாரும் அதைப் பொறுத்துக்கொண்டு படம் பார்த்தனர். பிளம்லைனோ, நடிகரைக் குரல் பின்தொடரச் செய்யும் வழி தமக்குத் தெரியும் என்று டோரீனிடம் கூறினாராம்.

நமக்கு இரு செவிகள் இருப்பதால்தான் ஓசை வரும் திசையை அறிகிறோம். ஆகவே இரண்டு ஒலிவாங்கிகளைக் கொண்டு ஒலியைப் பதிந்து, இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்ய அவர் திட்டமிட்டார். இரு ஒலிகளையும் கூட்டியும் கழித்தும் திசையைச் சீராக்கும் முறையையும் கண்டார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சரிவுகளில் இரு ஒலிகளையும் பதியும் வழியும் அவருடையதே. இவற்றிற்கெல்லாம் 1931 டிசம்பர் 14இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

1934இல் இலண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட்டின் இசையை இம்முறையில் பதிவு செய்தார். 1935இல் ஹேய்ஸ் நிலையத்தில் ஓடும் புகைவண்டிகளைப் படம் பிடித்து, ஓசையையும் உடன் ஓடச் செய்தார். ஆனால் அன்றைய வணிக உலகம் இதைப் பெரிதாக எண்ணவில்லை. அவரும் தொலைக்காட்சி ஆராய்ச்சிக்குத் திரும்பினார்.

இரண்டாம் உலகப் போரில், இருளிலும் நிலத்தைக் காட்டும் ராடார் கருவியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். 1942 ஜூன் 7ஆம் நாள் அக்கருவியைச் சோதிக்கச் சென்ற விமானம் தீப்பற்றி விழுந்தது. அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். முப்பத்தெட்டே வயதான பிளம்லைனும் அவர்களுள் ஒருவர். மனைவியும் இரு புதல்வரும் கதறினர். போர் இரகசியம் என்பதால் அம்மரணம் அப்போது உலகிற்கு அறிவிக்கப்படவே இல்லை. 128 காப்புரிமைகளுக்கு உரியவர் ஓசையின்றி மறைந்தார்.

1958இல்தான் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தன. அதைக் காண அவர் இல்லை. 2017இல் அவருக்குக் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

இரண்டு ஒலித்தடங்கள் மட்டுமே உள்ள படக் கோப்பைச் சுற்றொலியாக மாற்றும்போது, கணிப்பொறி அவ்விரண்டையும் கூட்டி நடு ஒலியையும், கழித்துப் பின்புற ஒலியையும் ஊகிப்பது உண்டு. ஆனால் தொடக்கத்தில் பதிவாகாத திசையை எந்தக் கருவியாலும் உள்ளபடி தர இயலாது. பழுதறக் கேட்டுப் பதிந்தால்தான் பின்னால் பயன் கிட்டும்.

அன்புத் தோழியரே! நம் வகுப்பிலும் தட்டுத்தடுமாறி வாசிப்பவர் உண்டு. அவர்களைக் கண்டு சிரிக்குமுன் பிளம்லைனை நினைப்போம். பிறர் கவனியாத குறையைக் கேட்கும் செவி அவர்களுக்கும் இருக்கலாம் அன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு